சகலையின் ரன்னர்

நாற்பது வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டியை எங்கள் ஊரில் நடத்துகிறோம். ஈஸ்டர் முடிந்த வாரத்தில், கம்பைநல்லூருக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் எங்கள் ஏரிக்குள். ஏரி என்றதும் தண்ணீரை நினைக்க வேண்டாம். அந்த மாதத்தில் ஏரியில் இருப்பவை வெடிப்புகள், ஆடுகள், அப்புறம் நாங்கள்.

போட்டியின் விதிகளை எழுதுவது என் பொறுப்பு. நான் நன்றாக ஆடுவேன் என்பதால் கொடுத்த பொறுப்பு அல்ல. அரூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். ‘மேற்படி’, ‘எக்காரணம் கொண்டும்’, ‘கமிட்டியின் முடிவே இறுதியானது’ போன்ற சொற்களைக் கை நடுங்காமல் எழுத ஊரில் வேறு ஆள் இல்லை.

முதல் விதி வயது. ஆதார் கார்டு காட்ட வேண்டும். பெண் பார்க்கப் போகும்போது வயதைக் குறைத்துச் சொன்ன அதே ஆட்கள், போட்டி வந்ததும் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் மீசைக்கு அடித்திருந்த டையைக் கழுவிவிட்டே வந்தார். “ஆதாருல தப்பா போட்டுட்டாங்க, என் மூஞ்சியப் பாருங்க, இது முப்பத்தெட்டு வயசு மூஞ்சியா?” என்று கேட்டார். இல்லைதான். ஆனாலும் விதி விதிதான்.

முள்ளுக்குள் பந்து போனால் இரண்டு ரன். அடித்தவரே போய் எடுத்து வர வேண்டும். பேட்டிங் செய்யும் அணியிலிருந்துதான் அம்பயர் நிற்க வேண்டும். அதனால் வரும் சண்டைக்குக் கமிட்டி பொறுப்பல்ல. இப்படி நிறைய. இவற்றிலெல்லாம் எனக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. விருப்பு வெறுப்போடு நான் எழுதியது ஒரே ஒரு விதி. அது ரன்னர் விதி. அதற்குக் காரணம் என் சகலை.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வருவார். எழுத்தில் ‘அவர்’ என்று போடுகிறேன். மனசுக்குள் வேறு மாதிரிதான் வரும். அவர் வருவதற்கு முன்னால் மாமனார் வீட்டில் நான் ஒரே மருமகன். கோழிக் குழம்பு வைத்தால் இரண்டு காலும் என் தட்டுக்குத்தான் வரும். அவர் வந்த பிறகு ஒரு கால் அந்தப் பக்கம் போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் என் மனைவி என் வயிற்றைப் பார்த்தபடி, “அவரு மட்டும் எப்டிங்க வயிறே இல்லாம இருக்காரு?” என்று கேட்டாள். அதைப் பொறுக்க முடியவில்லை.

அவர் ஆட ஆரம்பித்தால் ஏரிக்கரையில் போகிற வண்டிகள் நிற்கும். பந்து மட்டையில் படுகிற சத்தமே வேறு. நான் அடித்தால் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் ‘பொத்’. அவர் அடித்தால் ‘டங்’. அதே மட்டைதான், அதே பந்துதான். நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் ஒரே குறை, முழங்கால். வண்டியிலிருந்து விழுந்ததில் அடிபட்டது. நின்ற இடத்தில் அடிப்பார், ஓட முடியாது. ஆகவே அவருக்காக ஓட ஒரு ரன்னர் வேண்டும். எங்கள் போட்டியில் ரன்னர் சகஜம். பாதிப் பேருக்கு மூட்டு வலி, மீதிப் பேருக்குப் பிரஷர். முதல் வருடம் ஆளாளுக்குக் கல்லூரியில் படிக்கும் மகனை ரன்னராகக் கூட்டி வந்து, போட்டி ஏதோ ஓட்டப் பந்தயம்போல் ஆகிவிட்டது. அதைத் தடுக்கிற சாக்கில் நான் இப்படி எழுதினேன்: ‘ரன்னராக வருபவர் அதே அணியைச் சேர்ந்தவராகவும், அதே ஆட்டத்தில் ஏற்கெனவே ஆட்டமிழந்தவராகவும் இருத்தல் வேண்டும்.’

கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமான விதி. அதன் உள்கணக்கு எனக்குத்தான் தெரியும். எங்கள் அணியில் நானும் ஒரு சர்க்கரை நோய்க்காரரும் ஓப்பனிங். சகலை அடுத்த ஆள். அவர் இறங்கும்போது ஒரே ஒருவர்தான் அவுட்டாகியிருப்பார். அது சர்க்கரை நோய்க்காரராகத்தான் இருக்கும். அவர் தூங்கி எழுந்து உட்காரவே மூச்சு வாங்குகிறவர். ஆக, சகலைக்கு ரன்னர் கிடையாது.

முதலில் நான் அவுட்டாகிவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. என் திறமையின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

போன வருடம் நல்ல ஆட்டக்காரருக்குப் பரிசு, பாத்திரக் கடைக்காரர் கொடுத்த குக்கர். மொத்தப் போட்டியில் அதிக ரன் எடுத்தவருக்கு. முதல் ஆட்டத்தில் சகலைக்கு ஷிஃப்ட், வரவில்லை. எதிரணியினர் அன்று விரதம் போலிருக்கிறது. நான் தூக்கியடித்த எல்லாக் கேட்சையும் வேண்டாம் என்று கீழே விட்டார்கள். நான் நிறைய எடுத்துவிட்டேன். ஊரிலேயே அதிக ரன் என்னுடையது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“குக்கரு நமக்குத்தான்.”

“எத்தன லிட்டருங்க?” என்றாள் மனைவி. அவள் என் விளையாட்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

அரையிறுதியில் என் கணக்கு அப்படியே பலித்தது. சர்க்கரை நோய்க்காரர் அவுட். சகலை இறங்கி, ரன்னர் வேண்டும் என்று கை காட்டினார். “நா எங்கப்பா ஓடறது? வேணும்னா நடந்து வர்றேன், வெயிட் பண்ணு,” என்றார் சர்க்கரை நோய்க்காரர். சகலை சிரித்துவிட்டு, ஓடத் தேவையே இல்லாதபடி நின்ற இடத்திலேயே பவுண்டரியாக அடித்தார். என் விதி அவரை இன்னும் நல்ல ஆட்டக்காரராக்கிவிட்டது. எதிர்முனையில் நின்று நான் கை தட்ட வேண்டியிருந்தது. தட்டினேன். ‘பொத்’தென்றுதான் கேட்டது.

இறுதிப் போட்டி தீர்த்தமலைப் பக்கத்து அணியோடு. மைக் செட் கட்டி, கரையில் பந்தல் போட்டு, பங்குச் சாமியார் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பந்தலுக்குள் என் மனைவியும் அவள் தங்கையும் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ரன் கணக்கில் நான் இன்னும் முன்னால். சகலை பின்னால் வந்துகொண்டிருந்தார்.

முதல் பந்தை நான் சந்தித்தேன். சந்தித்தேன் என்பது தவறு. அது என்னைக் கடந்து போய் ஸ்டம்பைச் சந்தித்தது.

மைக்கில் ஊர்க்காரர் ஒருவர் வர்ணனை செய்துகொண்டிருந்தார். என்னை எப்போதும் கமிட்டி அண்ணன் என்பார். “கமிட்டி அண்ணன் போன வேகத்துல திரும்பி வர்றாரு. ஏண்ணா, ஏதாச்சும் மறந்துட்டீங்களா?”

பந்தலை நெருங்குவதற்குள் பின்னாலிருந்து சகலையின் குரல். “சகல! போயிராதீங்க. எனக்கு ரன்னரு நீங்கதான்.”

விதிப்படி வேறு யாரும் இருக்க முடியாது. அப்படி எழுதியவன் நான்.

ரன்னர் நிற்கும் இடம் அம்பயருக்குப் பக்கத்தில், ஓரமாக. சகலை அடிப்பார், நான் ஓடுவேன். ‘டங்’ என்று அவருக்குக் கை தட்டுவார்கள். நாக்குத் தள்ள நான் மறுமுனைக்குப் போய்ச் சேருவேன். ஓடியது என் கால், வியர்த்தது என் சட்டை, ரன் மட்டும் அவர் கணக்கில். அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு ரன்னுக்கும் மைக்கில் கணக்குச் சொல்வார்கள். “குக்கருக்கு இன்னும் பத்துத்தான்... இன்னும் எட்டு...” என் குக்கரை நானே சுமந்துகொண்டுபோய் அவர் வீட்டில் இறக்கிவைப்பது போலிருந்தது. மண்டை காய்ந்தது, வெயிலில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி.

“தண்ணி குடிக்கிறீங்களா சகல?” என்று அவர் இடையில் கேட்டார். நிழலில் நிற்பவன் மாதிரி இருந்தது அவர் முகம். “வேணாங்க,” என்றேன். வேண்டியிருந்தது.

கடைசிப் பந்து வந்தது. எங்கள் அணி ஜெயிக்க இரண்டு ரன். அதே இரண்டு ரன் எடுத்தால் சகலை என்னைத் தாண்டிவிடுவார். ரன்னர் அவுட்டானால் மட்டையாளர் அவுட்; அதுவும் என் விதிதான். ஆக நான் நிதானமாக ஓடினால் போதும்: கோப்பை போகும், குக்கர் தங்கும். வேகமாக ஓடினால் கோப்பை ஊருக்கு, குக்கர் சகலைக்கு.

ஊரே என்னைப் பார்த்தது. எல்லோருக்கும் விஷயம் தெரியும். என் பொறாமையை நான் ஒளித்து வைத்ததில்லை, ஒளிக்கிற அளவுக்கு அது சின்னதும் இல்லை. எங்கள் அணித் தலைவர் எல்லைக்கு வெளியிலிருந்து கத்தினார்: “யோவ் மாமா! குக்கரு நான் வாங்கித் தர்றேன், ஓடுய்யா!”

மெதுவாக ஓடுவதென்று முடிவு செய்துவிட்டேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பந்து வந்தது. சகலை அடித்தார். அப்படி ஒரு ‘டங்’கை நான் கேட்டதில்லை. பந்து இரண்டு ஆட்களுக்கு நடுவில், மண்ணைத் தொட்டும் தொடாமலும் போயிற்று. இதைப் பார்த்துவிட்டு நிற்க முடியுமா? எனக்கு முன்னால் என் கால்கள் கிளம்பிவிட்டன. என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

பாதி தூரத்தில் ஏரி வெடிப்புக்குள் என் வலது கால் போயிற்று. மீதி உடம்பு நிற்காமல் மேலே போய்விட்டு, அப்புறம் கீழே வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஸ்டம்பில் பந்து பட்டுக் குச்சிகள் சாய்ந்திருந்தன.

ஒரு ரன்கூடச் சேரவில்லை. தோற்றுவிட்டோம்.

மைக்கில் வர்ணனை வந்தது. “கமிட்டி அண்ணன் விழுந்துட்டாரு... விழுந்தாரா, படுத்துட்டாரா? ஒண்ணும் புரியலீங்களே!”

சிரிப்பு கரைவரைக்கும் போனது. அணித் தலைவர் தொப்பியைக் கழற்றி மண்ணில் அடித்தார். “எனக்கு அப்பவே தெரியும்யா! ஒரு குக்கருக்காக!” என் மனைவி குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சகலைக்காக நெஞ்சாரப் பாடுபட்டிருக்கிறேன். அதற்குச் சாட்சியே இல்லை.

சகலைதான் நொண்டிக்கொண்டே வந்து தூக்கிவிட்டார். முழங்கை மண்ணைத் தட்டினார்.

“இவங்க எல்லாம் என்னமோ பேசுறாங்க சகல. நீங்க வேணும்னு விழல. எனக்குத் தெரியும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தொடர்ந்தார்.

“உங்களால அவ்வளவுதாங்க முடியும். பாவம், இந்த உடம்ப வெச்சிக்கிட்டு இவ்வளவு நேரம் ஓடுனதே பெருசு. நான்தான் இன்னுங் கொஞ்சம் தூரமா அடிச்சிருக்கணும்.”

கலங்கின கண் அப்படியே காய்ந்துவிட்டது. இதற்கு அவர்கள் சொன்னதே மேல். துரோகி என்றால் ஒரு மரியாதை இருக்கிறது.

“இல்லீங்க. வேணும்னுதான் விழுந்தேன்,” என்றேன்.

“சும்மா சொல்லாதீங்க சகல.”

“நெசமாத்தாங்க! குக்கருக்காக விழுந்தேன்!”

“நல்ல தமாசு பண்றீங்க,” என்று தோளில் கை போட்டுப் பந்தலுக்கு நடத்திக் கூட்டிப்போனார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டும் நம்ப ஆள் இல்லாமல் போனவன், நம்ம மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு ரன் வித்தியாசத்தில் குக்கர் எனக்குத்தான். பங்குச் சாமியார் கொடுக்கும்போது, “அடுத்த வருசம் பார்த்து ஓடுங்க,” என்றார். அவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. என் மனைவி அதை அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அன்றைக்கே தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். “நம்ம வூட்டுல இதுல பருப்பு வெச்சா வேகுமாங்க?” என்றாள். மறுவாரம் அங்கே விருந்து. சகலை வீட்டில், என் குக்கரில் வெந்த கோழி. இரண்டு காலையும் எடுத்து என் தட்டில் வைத்தார் சகலை. அந்தப் பெருந்தன்மையையும் என்னால் சகிக்க முடியவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டேன்.

இந்த வருட விதிக் கூட்டத்தில் முதல் ஆளாக அணித் தலைவர் எழுந்து, “சகலைக்குச் சகல ஓடக் கூடாது,” என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். சகலை மட்டும், “அவரே ஓடட்டுங்க, எனக்குப் பழகிருச்சு,” என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. பழைய ரன்னர் விதியையும் அடித்துவிட்டு, அணியில் யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்றார்கள். என் கையாலேயே எழுதினேன். நிம்மதி என்று நினைத்தேன். இனி அவர் ரன்னுக்கு நான் வியர்க்க வேண்டாம்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஏரியில் பயிற்சி ஆட்டம். சகலைக்குப் புது ரன்னராக, எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த விளையாட்டு ஆசிரியர் ஓடினார். நான் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். சகலை ‘டங்’ என்றார். வாத்தியார் மான்போல் போய்த் திரும்பி, இன்னொன்றுக்கும் போய் வந்தார். மூச்சே வாங்கவில்லை. எந்த வெடிப்பும் அவர் காலைப் பிடிக்கவில்லை.

“சூப்பருங்க சார்! இந்த மாதிரி ஓடி நான் பாத்ததே இல்ல,” என்றார் சகலை.

நாக்குத் தள்ள அத்தனை ரன் ஓடியிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னிடம் அப்படிச் சொல்லியிருப்பாரா? ஏதோ என் தட்டிலிருந்து கோழிக்காலை எடுத்து மூன்றாவது ஆளுக்கு வைத்ததுபோல் இருந்தது.

வாத்தியாரை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். புது ஷூ போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து விதிகளை எடுத்துக் கடைசியில் ஒன்றைச் சேர்த்தேன்: ‘ரன்னராக வருபவர் எக்காரணம் கொண்டும் ஷூ அணிதல் கூடாது.’