மாராத்தாள் சொன்னதும் நான் படித்ததும்

திருப்பூருக்கு வந்த புதிதில் என்னை மிரளவைத்தது இந்த ஊர் மரியாதைதான். வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் என்னிடம், "வாங்க, இப்படி நில்லுங்க, பீஸைத் திருப்பிப் பாருங்க" என்றார். போச்சு, நான் காலேஜ் படித்தவள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போன பொம்பளையை எவன் 'வாங்க' என்பான்? இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, இங்கே எல்லோருக்கும் அதே மரியாதைதான் என்று. திட்டுவதையும் 'ங்க' போட்டுத்தான் திட்டுகிறார்கள்.

பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு அதை ஏன் திருட்டுப் பண்டம் மாதிரி ஒளித்தாய் என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். ஒளிக்காமல் பார்த்தேனே! எண்பத்தொன்பதில் கல்யாணமாகி இங்கே வந்ததும், முதலில் போன கம்பெனியில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். அந்த முதலாளி என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க. படிச்சவிய கை வேலை செய்ய மாட்டாங்க. செஞ்சாலும் ரெண்டு மாசத்துல நல்ல சம்பளம்னு வேற எடத்துக்குப் போயிருவாங்க. போகலீனா சங்கம் கட்டிக் கொடி புடிப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரே ஒரு காகிதத்தை வைத்து என் மூளை, என் சம்பளம், என் கட்சி மூன்றையும் ஜாதகம் மாதிரிக் கணித்துவிட்டார் மனுஷன். அடுத்த கம்பெனியில் எட்டாவது என்றேன். மறுநாளே வேலை.

நம் ஊர் மட்டும் லேசுப்பட்டதா? வானம் பார்த்த கரிசல். படிப்பைத் தவிர வேறு விளைச்சல் கிடையாது. அப்பா இரண்டு குறுக்கம் நிலத்தை விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார். டிகிரி வாங்கியவன் அறிவாளி, வாங்காதவன் மாடு மேய்க்க லாயக்கு. என் அண்ணன் எம்.ஏ. முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலக அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு வீட்டில் இருந்தான். அவன் அறிவாளி. என்னைக் கட்டிக்கொண்ட அத்தை மகன் பத்தாவது பெயில். இங்கே ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து தைத்து, அண்ணன் வீட்டுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பினார். அவரை ஊரில் எல்லோரும் 'பாவம், படிப்பு ஏறாத பிள்ளை' என்றார்கள். அவர் அனுப்பின பணத்தில் சோறு தின்றுகொண்டே சொன்னார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நான் வேலை செய்தது செக்கிங் டேபிளில். தைத்து வரும் பனியனை விரித்து, டேப் வைத்து அளந்து, பிசிறு நூலை வெட்டி, ஓட்டை இருந்தால் ஒதுக்க வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது எதிரில் நின்ற மாராத்தாள் அக்கா. அவிநாசிபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கைநாட்டு. ஆனால் துணியைத் தொட்டதும் இது எந்த மிஷினில் ஓடியது என்பார். மதியம் சாப்பிடும்போது யாராவது பேப்பர் படிக்க வேண்டும். இவர் கேட்டுவிட்டு, டெல்லியில் எந்த மந்திரிசபை எத்தனை நாள் தாங்கும் என்று தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அரசியல் பாடத்தில் எம்.ஏ. வாங்கிய என் அண்ணன் சொன்னது ஒரு தடவைகூடப் பலித்ததில்லை.

ஒரு நாள் சின்னப் பிள்ளைகளின் பனியன், பெரிய ஆர்டர், டேபிளுக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அளவுத் தாளைப் பார்த்து, ஆபீசில் இருந்த பி.காம். தம்பி நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று ஓர் அட்டையில் தமிழில் எழுதி மாட்டியிருந்தார். பத்து நாள் கழித்து அட்டை காற்றில் திரும்பியபோது பின்னால் செருகியிருந்த மூலத்தாளைப் பார்த்தேன். அடியில் ஒரே ஒரு வரி, இங்கிலீஷில்: எல்லா அளவும் துவைத்த பிறகு. தம்பி எண்களை மட்டும் எழுதிவிட்டு அந்த வரியைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னலாடை தண்ணீர் பட்டால் சுருங்கும். சுருங்கின பிறகு இருக்க வேண்டிய அளவுக்கே முதலிலேயே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் ஒரு தடவை துவைத்தால் பிள்ளைகளின் தொப்புள் தெரியும். அவரும் டிகிரி, நானும் டிகிரி!

மாராத்தாள் அக்கா காதில் மெல்லச் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. "நான் போன வாரமே சொன்னனே கண்ணு. ஒரு ரிஜெக்ட் பீஸைப் புள்ளைக்குக் கொண்டுபோயி ஊட்ல தொவச்சுப் பாத்தேன். மூணு விரக்கடை மேல ஏறிருச்சு. சூப்பர்வைசர்கிட்டச் சுருங்குதுங்கன்னு சொன்னா, 'அளக்கறது மட்டுந்தான் உங்க வேலைங்க'ன்னு போயிட்டாரு."

பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். திறந்தால் என் எட்டாவது போய்விடும், வேலையும் போய்விடும். ஆனால் உள்ளே கட்டிங் மாஸ்டர் வெட்டிக்கொண்டே இருக்கிறார். ஆர்டர் திரும்பி வந்தால் கம்பெனியே படுத்துவிடும், எங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் உலை. சாயங்காலம் நேராக முதலாளி அறைக்குப் போய், "அண்ணாச்சி, அளவு தப்பு" என்றேன். தாளைக் காட்டிப் படித்தேன்.

அவர் நாலாவதுடன் பள்ளிக்கூடத்தை விட்டவர். தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இங்கிலீசு எப்படீங்க தெரியும்?"

"பி.எஸ்சி. படிச்சிருக்கேன், அண்ணாச்சி."

ஒரு பீஸை வாளியில் முக்கி, பிழிந்து, அயர்ன் போட்டுக் காயவைத்து, டேப்பை வைத்தார்கள். மூன்று விரல்கடை. கட்டிங் நின்றது. பொய் சொன்னதற்கு முதலாளி கோபப்படவே இல்லை. "படிப்புன்னா படிப்புதானுங்க! நாளைக்கு ஆபீஸ்ல வந்து உக்காருங்க" என்றார்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அதே சேதியை மாராத்தாள் அக்கா ஒரு வாரம் முன்பே சொன்னபோது அது வெறும் பேச்சு. நான் சொன்னால் அது அறிவு! என் டிகிரி எனக்குப் புத்தி எதையும் கூட்டித் தரவில்லை. சொன்னால் கேட்க ஆள் தந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு வந்த புகழை அவருக்குப் பங்கு வைக்கிறேன் என்று பெருமையாக, "இதை முதல்ல கண்டுபிடிச்சது மாராத்தாள் அக்கா, அண்ணாச்சி" என்றேன்.

"அவியளுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

"வீட்டுல துவைச்சுப் பார்த்தாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கு அடுத்த வரி என்னவென்று தெரியவில்லை. ரிஜெக்டோ கிழிசலோ, கம்பெனியிலிருந்து பீஸ் வெளியே போனால் அது திருட்டு. மாராத்தாள் அக்காவைக் கூப்பிட்டு, அதே மரியாதையோடு, வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுபடி முதலாளி முன்னால் நின்றேன். "இத்தனை ஆயிரம் பீஸைக் காப்பாத்துனதே அந்த ஒரு பீஸ்தானே அண்ணாச்சி? அவங்க இல்லைன்னா எனக்கும் நாற்காலி வேண்டாம்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "இதுக்குத்தாங்க படிச்சவியள வேலைக்கு வெக்கறதில்ல." முதல் கம்பெனிக்காரர் கணித்த அதே ஜாதகம் பலித்துவிட்டது என்ற திருப்தி இவர் முகத்தில் தெரிந்தது. பலிக்கவைத்தது என் படிப்பா, கேட்டில் நின்று அழுத ஒருத்தியா என்று அவர் யோசிக்கவே இல்லை. அன்றே வெளியே வந்துவிட்டேன். பிற்பாடு நான் சங்கத்தில் சேர்ந்ததும் உண்மைதான். மாராத்தாள் அக்கா சேரவில்லை. "நீ எந்தக் கொடிய வேணா புடி கண்ணு, என்ர ஓட்டு என்ர இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே வேலை தேடினோம். இந்த முறை ஒளிப்பதில்லை என்று முடிவு. இரண்டு கம்பெனியில் நான் வேண்டாம், அவர் மட்டும் போதும் என்றார்கள். மூன்றாவதில் பெரிய இரும்புக் கேட்டில் ஆள் நுழைகிற சின்னக் கதவைத் திறந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் மாராத்தாள் அக்கா, "இவிய பி.எஸ்சிங்க, நான் கைநாட்டுங்க. சேத்தா ரெண்டு பேத்தையுஞ் சேருங்க" என்றார். வாட்ச்மேன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். எக்ஸ்போர்ட் பெருகிவந்த நேரம் அது. இங்கிலீஷ் தெரிந்த ஆளுக்குக் கிராக்கி. "படிச்சவிய மட்டும் வாங்க" என்றார்.

ஊரில் அப்பா கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. வலது காலை உள்ளே வைத்தேன். இடது கால் ரோட்டில், மாராத்தாள் அக்கா பக்கத்தில் இருந்தது. அவர் கையை நான் விடவில்லை. "கதவைச் சாத்தோணுமுங்க, உள்ள வாங்க, இல்லீனா வெளிய போங்க" என்றார் வாட்ச்மேன். சாத்துங்க பார்ப்போம் என்று நடுவிலேயே நின்றேன்.