முந்திரி குடோனில் ஓர் உறுமல்

கல்லூரி முடித்த வருடம் நாங்கள் மூன்று பேர் ஒரு கிட்டார் பேண்டு ஆரம்பித்தோம். அவன் கிட்டாரும் பாட்டும், அவள் டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார். தாலாட்டு மாதிரி ஒரு மெட்டைப் போட்டு, அதன் மேல் கிட்டாரை அலறவிடுவது எங்கள் பாணி. பெரம்பலூரில் ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, "செட்டு ரிப்பேர்னா முன்னாடியே சொல்லிருக்கலாம்ல தம்பி" என்றார். அந்த ஆள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

பயிற்சிக்கு உடையார்பாளையத்தில் அவளுடைய மாமாவின் முந்திரி குடோன் கிடைத்தது. சுவரெல்லாம் சாக்குகளைத் தொங்கவிட்டும் தகரக் கூரை அதிர்ந்தது. வாசித்துவிட்டு வெளியே வந்தால் பஸ் ஹாரன்கூட மந்தமாகத்தான் கேட்கும். அதையும் பெருமையாகச் சொல்லிச் சிரித்தோம்.

அவன் காதுதான் எங்கள் பேண்டு. கம்பியின் சுருதி ஒரு மயிரிழை இறங்கியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். அந்தக் காதை நம்பித்தான் வந்த வேலையையும் வேண்டாம் என்றிருந்தான்.

புரட்டாசியில் ஒருநாள் ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று உறுமியது. மூன்று பேருக்கும் கேட்டது. எலக்ட்ரீஷியன் வந்து, எர்த் சரியில்லை என்று குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். உறுமல் போய்விட்டது என்று நினைத்தேன். அவன் குனிந்து கேட்டுவிட்டு, "இல்லடா, இன்னும் இருக்கு" என்றான். அவன் சொன்னால் இருக்கும். எங்கள் காதின் லட்சணம் அவ்வளவுதான் என்று நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

வயர்களை மாற்றினோம். ஆம்ப்ளிஃபயரை பஸ்ஸில் திருச்சிக்குத் தூக்கிப் போனோம். கோளாறே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் சத்தத்தைக் கூட்ட ஆரம்பித்தான். உறுமலை அமுக்க வேண்டுமாம். அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாசித்தாள். டீக்கடையில் நான் அவனுடைய இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் அவன் "ஆங்?" என்று முழுதாகத் திரும்பினான். கோளாறு ஆம்ப்ளிஃபயரில் இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அப்படித்தான் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று இருவருமே பயந்தோம்.

சித்திரையில் ஒருநாள் பராமரிப்புக்காக ஊர் முழுக்க கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். தெரியாமல் வந்து குடோனில் உட்கார்ந்திருந்தோம். ஃபேன் நின்று, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவன் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கினான். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கம் காதைச் சாய்த்தபடி குந்தியிருந்தான்.

"கரண்ட்டுதான் இல்லியேடா" என்றாள் அவள்.

அவன் திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருக்கிறது. பிளக்கைப் பார்த்தபடியே, "ஒங்க ரெண்டு பேருக்கும் அந்த உறுமல் எப்ப நின்னுச்சு?" என்று கேட்டான்.

நான் பேஸ் கிட்டாரை எடுத்து உறைக்குள் வைத்தேன்.

"தீவாளிக்கு முன்னாடியே" என்றாள் அவள்.