பின்னால் கூப்பிடாத காலை

எண்பதுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்த சில தமிழ்க் குடும்பங்களுக்கு நானும் மச்சானும் விசரர்தான். பென்ரோஸ் தொழிற்சாலையில் கூட வேலைசெய்த வெள்ளைக்காரரோடு போய்ப் பனிச்சறுக்குப் பழகி, நன்றாகவே தேறிவிட்டோம். பிறகு லிஃப்ட் உள்ள மலைகள் அலுத்துவிட்டன. தென் தீவில், சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து ஏறும் ஸ்னோகேட் வண்டியில் போய், ஆள் நடமாட்டமில்லாத சரிவில் சறுக்க வேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றான். அவன் என் மனைவியின் தம்பி. அவளுக்கு இருந்த ஒரே கூடப்பிறந்தவன்.

அங்கே பனி சரிந்து மூடினால் ஆளைத் தேட, பீப்பர் என்ற சின்னப் பெட்டியை எல்லாரும் நெஞ்சில் கட்ட வேண்டும். புறப்பட்ட காலை என்னுடையதை வீட்டுச் சோபாவிலேயே விட்டுவிட்டேன். மனைவி அதைக் கண்டாள். ஆனால் நாங்கள் படி இறங்கிவிட்டோம். வெளிக்கிட்ட ஆளைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். சகுனமாம், மண்ணாங்கட்டி!

மலையடியில் வழிகாட்டி ஒவ்வொருவராகச் சோதித்தான். என்னிடம் வந்ததும் தலையை ஆட்டினான். பீப்பர் இல்லாதவனுக்கு வண்டியில் இடமில்லை. மேலதிகமாக ஒன்றும் அவனிடம் இல்லை. கோபத்தில் கையுறையைக் கழற்றி எறிந்தேன். சரிவில் இருவர் இருவராகத்தான் இறங்குவார்கள். ஒருவர் இறங்கும்போது மற்றவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். மச்சானுக்கு ஜோடி நான்தான்.

மேலே முகட்டில் காற்று பனியைப் புகைபோலக் கிளப்பிக்கொண்டிருந்தது. மச்சானின் கையைப் பிடித்தேன்.

"நீயும் நில்லடா. எனக்கு மனசு சரியில்லை," என்றேன்.

"சும்மா இருங்கோ அத்தான். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருங்கோ, ஒருக்காப் போட்டு வாறன்."

ஸ்னோகேட் இரைந்துகொண்டு ஏறியது. பிறகு அந்த இரைச்சலும் கேட்கவில்லை. என் தேநீர் ஆறிப்போனது. மத்தியானம் மலையடிக் குடிலில் இருந்த ரேடியோ கரகரத்தது: சரிவு உடைந்துவிட்டது, ஓர் ஆளைக் காணவில்லை.

ஜோடி இல்லாததால் மச்சான் கடைசியாக, தனியாக இறங்கியிருக்கிறான். எந்த இடத்தில் மூடியது என்று பார்த்தவர் யாருமில்லை. பீப்பர் அவனைக் காட்டிக்கொடுத்ததுதான். ஆனால் பிந்திவிட்டது.

அவன் உடலைக் கொண்டுவந்த பிறகு, ஆக்லாந்தில் எங்கள் த்ரீ கிங்ஸ் வீட்டில் அந்தச் சோபாவின் பக்கத்தில் நின்று மனைவி சொன்னாள்: "நான் பீப்பரைக் கண்டனான். உங்களுக்கு ஒண்டும் ஆகக்கூடாதெண்டுதான் கூப்பிடேல்லை."

அவளைப் பிடித்து அந்தச் சோபாவில் இருத்தினேன். ஐயோ, அதைச் சொல்லி அழக்கூட இனி அவளுக்குக் கூடப்பிறந்த ஆளில்லை.

இன்றைக்கும் பால் வாங்கத் தெருமுனை டெய்ரிக் கடைக்குப் புறப்பட்டால் போதும், நான் கேட்டைத் தாண்டியதும் பின்னால் கூப்பிடுவாள்.

"இஞ்சருங்கோ!"

நின்று திரும்பிப் பார்ப்பேன். நான் ஒன்றையும் மறந்திருக்க மாட்டேன்.