மறுத்து எழுதிய நீதிபதி

திருகோணமலை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நான் தட்டெழுத்தாளராக இருந்தபோது அங்கே மெலிந்து உயர்ந்த நீதிபதி ஒருவர் இருந்தார். சட்டத்தில் தன்னோடு ஒத்தேபோகாத சக நீதிபதியுடன்தான் மாலையில் துறைமுகக் கரையில் நடப்பார்.

காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லாததால் ஒரு மீனவப் பெண் கரைநில வழக்கில் தோற்றாள். மூன்று நீதிபதிகள் கேட்ட அந்த வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அந்த நடை நண்பர். இவர் மட்டும் அவளுக்குச் சார்பாக எழுதினார்.

“அவரோட கோபமில்லையா ஐயா?” என்றேன்.

“அவர் சட்டத்தில இருக்கிற எழுத்தைப் பார்க்கிறார், நான் ஆக்களைப் பார்க்கிறன். நான் பிழை விட்டால் சொல்ல அவரை விட்டால் ஆர் இருக்கினம்?”

அன்று மாலை கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன. எனக்குச் சற்று முன்னால் பேசிக்கொண்டே நடந்த இருவருக்கும் எதிரே அந்தப் பெண் வந்தாள். இருவரும் பேச்சை நிறுத்தி, ஒதுங்கித் தலைகுனிந்து வழிவிட்டார்கள். முதலில் தலைகுனிந்தவர் யாரென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.