சின்ன பேட்டரி எங்கே குறைகிறது

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கரண்ட் அளக்கும் மீட்டர் இருக்கும். மனைவிக்கு இளைப்பு, பெட்ரோல் புகை ஆகாது. அதற்காகவே பழைய காரின் இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மோட்டாரும் பெரிய பேட்டரியும் தன் கையாலேயே பொருத்தினார். அவளுக்கு மூச்சு முட்டும் நாளில் ஆஸ்பத்திரிக்கு ஓட வண்டி தயாராக நிற்க வேண்டும். வேறு ஆசையே அவருக்குக் கிடையாது.

ஆனால் வண்டியின் குடுமி ஒரு சின்ன பேட்டரியின் கையில் இருந்தது. விளக்கு, விசிறி, ரேடியோ எல்லாம் அதில்தான் ஓடும். பெரிய பேட்டரியை மோட்டாரோடு சேர்க்கும் சுவிட்சையும் அதுதான் தட்டிவிட வேண்டும். சின்னது செத்தால், பெரியது நிரம்பி வழிந்தாலும் வண்டி அசையாது. வண்டி ஓடினால் சின்னது தானாக சார்ஜ் ஏறிக்கொள்ளும். இதுவோ ஷெட்டிலேயே நிற்கிற வண்டி. அதனால் வேலை முடிந்து வந்ததும் அதற்கென்று தனி சார்ஜர் மாட்டுவார்.

அப்படியும் மாலைதோறும் மீட்டரை வைத்தால் குறைந்திருந்தது. விடுமுறையன்று ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார், கசிவே இல்லை. மறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் குறைவு. கடிகாரத்தைக் கழற்றினார், அலாரத்தை அறுத்தார், நல்ல வயரையெல்லாம் மாற்றினார். வயரைச் சந்தேகப்படத் தெரிந்த மனுஷனுக்கு வேறெதன் மேலும் சந்தேகம் வரவில்லை.

ஒரு மதியம் சீக்கிரம் வந்துவிட்டார். மனைவி முன்சீட்டில் சாய்ந்திருந்தாள். விசிறி ஓடியது, ரேடியோ முணுமுணுத்தது. வீடோ இரண்டே அறை. அதற்குள் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், தாளிக்கிற நெடி.

"இங்கதாங்க கொஞ்சம் மூச்சு விட முடியுது," என்றாள்.

"நீ இப்படி உறிஞ்சி வெச்சா, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா வண்டி நகருமா?"

ஆணியில் தொங்கவிடும் சாவி அன்றிலிருந்து அவர் பைக்குள் போனது. மதியமானால் அவள் சமையலறைப் படியில் உட்கார்ந்தாள். இருமல் கூடிக்கொண்டே போனது. சின்ன பேட்டரி மட்டும் கிண்ணென்று இருந்தது. அவருக்கு நிம்மதியோ நிம்மதி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. முன்சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. அந்த நேரத்திலும் அவருக்குள் பெருமை எட்டிப் பார்த்தது, வெட்கக்கேடு. பாதி வழியில் அவள் கை விசிறி சுவிட்ச் வரைக்கும் போய் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டுக்கலாமா?"

அவரே போட்டுவிட்டார். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் கலைந்துபோன மாலை, கை பழகிய பழக்கத்தில் பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்தார். துளி குறையவில்லை. மறு கையில் அந்தச் சார்ஜர் இருந்தது. அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அன்று மதியமே இதை மாட்டிவிட்டு, நீ பாட்டுக்கு உட்காரு என்று சொல்லியிருந்தால் போதுமே. அவளும் காற்று வாங்கியிருப்பாள், பேட்டரியும் குறைந்திருக்காது. ஒரே ஒரு பிளக். எத்தனை ஃபியூஸைப் பிடுங்கினார், இது தோன்றவில்லை.

சார்ஜரை மாட்டினார். முன்சீட்டு விசிறியைப் போட்டார். பிறகு பானெட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்.