தரையைத் தொடாத மட்டை

புதிதாக வரும் எந்தக் குழந்தைக்கும் சுரேந்திரன் முதலில் பந்தைக் கொடுப்பதில்லை. டென்னிஸ் மட்டையைக் கையில் கொடுத்து, கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கச் சொல்வார். மட்டையின் நுனி தரையைத் தொட்டால் அது அந்தக் குழந்தைக்குப் பெரிது, வாங்கி வைத்துவிடுவார். என் அக்கா மகள் பரீஹாவுக்கு ஆறு வயது. அவள் ஆசைப்பட்ட ஊதா நிற மட்டை தரையைத் தொட்டது. கிடைத்தது, கீறல் விழுந்த பச்சை மட்டை. அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. அழுது முடியும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார்.

மும்பை செம்பூரில் ஒரு குடியிருப்பின் கோர்ட் அது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அவருக்கு. மற்ற நாட்களில் மாட்டுங்கா கிளப் ஒன்றில் மார்க்கர். உறுப்பினர்களுக்கு ஈடுகொடுத்து ஆடுவதும், கடைசியில் அவர்கள் ஜெயிக்கும்படி ஆடுவதும்தான் அந்த வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார். வீடு, எங்களைப் போலவே, தாராவியில்.

பெரியவர்களின் கோர்ட்டுக்குள் அவருடைய மகள் வந்தனா சாக்பீஸால் கோடு போட்டு நான்கு சின்னக் கோர்ட்டுகள் செய்வாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே கட்டிய நாடாதான் நெட். பந்து சிவப்பு. மெத்தென்று இருக்கும், பிள்ளைகளின் இடுப்புக்கு மேல் எழும்பாது. பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்து அவர்கள் தலைக்கு மேல் போய்விடும். வந்தனாவுக்குப் பதினேழு வயது. கோடுகளை இடது கையால் போடுவாள். வலது மணிக்கட்டு பின்னால் மடங்காது. அந்தக் கை மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை.

அதன் கதையை அவர் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில், வந்தனா தண்ணீர் வாங்கப் போயிருந்தபோது, கேட்காமலே சொன்னார். அதிகம் பேசாதவனிடம் மனிதர்கள் இப்படிச் சிலதைச் சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் வீடுகளில் எதையும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். பள்ளிச் சட்டையின் கை முழங்கையைத் தாண்டும். பாவாடையின் மடிப்பை வருடத்துக்கு ஒருமுறை பிரித்துவிடுவோம். ஷூவுக்குள் பஞ்சு வைப்போம். வளர்கிற பிள்ளை. வந்தனாவுக்கு ஆறு வயதில் அவரும் அப்படித்தான் ஒரு மட்டை வாங்கினார். இருபத்தேழு அங்குலம், பெரியவர்களுடையது. மூன்று வருடம், மஞ்சள் பந்தை, தினம் இருநூறு தடவை அடித்தாள். மணிக்கட்டு வலிக்கிறது என்றபோது எண்ணெய் தேய்த்துவிட்டார்.

ஒன்பது வயதில் அவள் வீட்டின் இரும்பு ஏணியிலிருந்து விழுந்தாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் அவரை மட்டும் தனியே அழைத்து, இது விழுந்ததால் வந்ததல்ல, எலும்பு வளரும் முனை வெகுநாளாக அடிபட்டு மூடிக்கொண்டிருக்கிறது, இனி மட்டை பிடிக்க வேண்டாம் என்றார். வெளியே வந்தவர் ஏணி என்று மட்டும் சொன்னார். ஏறாதே என்று அம்மா சொல்லியும் அன்று ஏறியவள் வந்தனா. அதனால் எட்டு வருடமாகக் குற்றம் அவளுடையதாக இருந்தது. ஏணிப் படிகளில் அவர் ரப்பர் சுற்றி வைத்திருக்கிறார். கிழிந்தால் மாற்றுகிறார்.

"அவகிட்ட சொல்லணும்" என்றார். "சொன்னா எம்மூஞ்சிய பாப்பாளாங்கிறதுதான் தெரியல."

பிப்ரவரியில் அணுசக்தி நகரிலிருந்து வெங்கி என்பவர் ஏழு வயது மகன் நிகிலை அழைத்துவந்தார். மூன்று மாதமாக அவரே மகனுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாராம். பையனின் கையில் புது மட்டை. கையைத் தொங்கவிட்டபோது நுனி தரையில் கிடந்தது.

"வளர்ற பையன் சார். ரெண்டு வருஷத்துல பரோபர், கைக்குச் சரியா ஆயிடும்" என்றார் வெங்கி.

சுரேந்திரன் வழக்கமான காரணங்களைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் வெங்கியிடம் பதில் இருந்தது. ஏப்ரலில் பள்ளிப் போட்டி, அங்கே மஞ்சள் பந்துதான். சிவப்புப் பந்தையும் நாடாவையும் பார்த்து, "இது டென்னிஸ் கிளாஸா, பர்த்டே பார்ட்டியா?" என்றார். பெஞ்சில் இருந்த இரண்டு பெற்றோர் சிரித்தார்கள். வேறு கோச் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மகனைக் கிளப்பினார். நடக்கும்போது நிகில் வலது கையை, ஈரத்தை உதறுவதுபோல, இரண்டு தடவை உதறினான்.

சுரேந்திரன் அதைப் பார்த்தார். ஐந்தடி தள்ளிக் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். அவளை அனுப்பிவிட்டுப் பேசுவார் என்றுதான் நினைத்தேன்.

"சார், ஒரு நிமிஷம். பையன் கைய உதறுதான், பாத்தியளா? இவளும் இப்படித்தான் உதறுனா. நான் எண்ணெய் தேச்சுவிட்டேன்."

வெங்கி வந்தனாவின் கையைப் பார்த்தார். "அதுக்கு என்ன ஆச்சு?"

"நான் வாங்கிக்கொடுத்த ரேக்கெட் சார். வளர்ற பிள்ளைன்னு கடையில நானும் இதையேதான் சொன்னேன். டாக்டர் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. நான்தான் பழிய ஏணி மேல போட்டுட்டேன்."

சாக்பீஸ் நின்றது. வந்தனா நிமிர்ந்தாள்.

"ஏணி இல்லையாப்பா?"

"இல்ல மக்கா."

அவள் சாக்பீஸை நாற்காலியில் வைத்தாள். கையை குர்தாவில் துடைத்துக்கொண்டாள். கேட்டைத் திறந்து போனாள்; மறுபடி சாத்தக்கூட இல்லை. அன்று வகுப்பு பாதிக் கோட்டோடு நடந்தது. நிகிலுக்குச் சுரேந்திரன் கூடையிலிருந்து ஒரு சின்ன மட்டை எடுத்துக் கொடுத்தார். வெங்கி தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சுரேந்திரன் தனியாக வந்தார். கோடுகளை அவரே போட்டார். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியேயா என்று மயிரிழையில் சொல்கிற மனிதர். போட்ட கோடு வளைந்து போயிற்று. பிள்ளைகள் அதற்குள்ளேயே ஆட ஆரம்பித்தார்கள்.

ஏழரைக்கு வந்தனா வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. வளைந்த கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தாள். இடது கையை நீட்டினாள். அவர் சாக்பீஸைக் கொடுத்தார். நான்கு கோர்ட்டையும் புதிதாகப் போட்டு முடித்தபின், தாமதமாக வந்த நிகிலைக் கூப்பிட்டுக் கையைத் தொங்கவிடச் சொன்னாள். மட்டையின் நுனிக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தாள்.

"சரி, போ" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பெண்கள் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மட்டைக் கோணியை நெஞ்சோடு அணைத்தபடி, தாராவிவரை அவர் நின்றுகொண்டே வந்தார்.