பதினான்காம் பக்கத்து அடுப்பு

"பதினோரு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். தாள் இல்லாம, முத்திரை இல்லாம ஒரே ஒரு எண்ணைக்கூட உள்ள விட்டதில்ல. எங்கம்மாவே வந்து என் வயசைச் சொன்னாலும் சான்றிதழ் கேப்பேன்."

சக ஊழியர் ஒருவரின் பிரிவுபசாரக் கூட்டத்தில் நம்மவர் இப்படி முழங்கினார். பிரிந்து போகிறவரைப் பற்றிப் பேசத்தான் அவரை அழைத்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாதவர்களின் கோப்பு மறுநாள் அவர் மேசைக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏழு நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக் குழு அது. நிலைத்த வளர்ச்சிக்கு எந்த நாடு என்ன கொள்கை வைத்திருக்கிறது, யாரிடமிருந்து யார் எதைக் கற்கலாம் என்று ஒப்பிட்டு எழுதித் தருவது அதன் வேலை. நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன என்று மட்டும் அங்கே யாரிடமும் கேட்டுவிடக் கூடாது. இரண்டு நாள் கருத்தரங்கு வைத்துவிடுவார்கள். ஏழு நாடுகளும் அனுப்பும் எண்களைச் சரிபார்த்து, அட்டவணையின் அடியில் கையெழுத்துப் போடுவது நம்மவர் பொறுப்பு. அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அந்தப் பெயரை வைத்தது யார் என்றும் அவர் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். கூடத்தில் மூன்று கடிகாரங்கள். மூன்றையும் நம்பாமல், கீழே இறங்கிக் காவலாளியிடம் மணி கேட்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி என் வயசை மூணு பேர்கிட்டத் தனித்தனியா விசாரிச்ச மனுஷன்" என்பார் அவர் மனைவி. "மூணு பேரும் ஒரே வயசைச் சொன்னாங்களாம். முன்னாடியே பேசி வச்சுக்கிட்டாங்களோன்னு நாலாவது ஆளைத் தேடிப் போயிருக்காரு."

இப்படிப்பட்டவரிடம்தான் ஏழு நாடுகளில் மிகச் சிறிய நாட்டின் குடிநீர் அட்டவணை வந்து மாட்டிக்கொண்டது. முப்பத்தொரு மாவட்டம், கோணலில்லாத கோடுகள், ஓர் அடித்தல் திருத்தம் இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. உண்மையான எண் இவ்வளவு அழகாக இருக்காது என்பது அவர் கொள்கை. நோண்டினார், கிடைத்தது. ஒரு மாவட்டத்தில் கட்டடப் பதிவேட்டின்படி மொத்த வீடுகளே நாற்பதாயிரம். குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளோ நாற்பத்தாறாயிரம்.

"இல்லாத ஆறாயிரம் வீட்டுக்குத் தண்ணி விட்டிருக்காங்க மேடம்" என்று இயக்குநரம்மாவிடம் போய் நின்றார். அன்று மதியம் இரண்டு சாப்பாட்டைச் சாப்பிட்டவர் போல முகம் அவ்வளவு திருப்தியாக இருந்தது.

விளக்கம் கேட்டு மூன்று கடிதம் போனது. அந்த நாட்டுப் புள்ளியியல் அதிகாரி ஒரு பெண்மணி. மூன்றுக்கும் ஒரே பதிலைப் பணிவாக எழுதியிருந்தார்: தங்கள் கையேட்டின் பதினான்காம் பக்கத்தைப் பார்க்கவும்.

"நம்ம கையேட்டை நம்மளையே பாக்கச் சொல்றாங்க. பூசி மெழுகுறாங்க" என்றார் நம்மவர். பார்க்கவில்லை. அந்தக் கையேட்டை எழுதியவரே அவர்தான். எழுதியவன் எதற்குப் படிக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூட்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். அறிக்கையில் இல்லாத நாட்டுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இடமில்லை. அடுத்த வாய்ப்பு ஐந்து வருடம் கழித்துத்தான். "ஒண்ணு கையெழுத்துப் போடுங்க, இல்ல அந்த நாட்டை எடுத்துடுங்க" என்றார் இயக்குநரம்மா. எடுப்பதற்கு முன் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, பிற்பகல் ஒன்றரை மணிக்கு நம்மவர் அந்த அதிகாரிக்குத் தொலைபேசி செய்தார்.

"அந்த ஆறாயிரம் வீடு எங்கம்மா இருக்கு? வானத்துலயா?"

"பதினாலாம் பக்கம், மூணாவது அடிக்குறிப்பு. கொஞ்சம் படிங்களேன் சார். நான் லைன்லயே இருக்கேன்."

படித்தார். "இவ்வாய்வில் வீடு என்பது ஒரே அடுப்பில் சமைத்து உண்போரைக் குறிக்கும்." நடை அவருடையதுதான். சந்தேகமே இல்லை.

"ஒரே கதவுக்குள்ள அண்ணனும் தம்பியும் ரெண்டு அடுப்பு வச்சிருந்தா, நாங்க ரெண்டு வீடுன்னு எழுதினோம். நீங்க சொன்னபடிதான் சார். எங்க ஆளுங்க ஒவ்வொரு சமையலறையா எட்டிப் பாத்து எண்ணினாங்க. நாலு பேர் திட்டுகூட வாங்கினாங்க."

"ஒரு நிமிஷம்" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, மற்ற ஆறு நாடுகளின் அட்டவணைகளைப் புரட்டினார். ஆறும் கட்டடப் பதிவேட்டோடு கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தியதால்தான் போன மாதமே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆறு பேரும் கதவை எண்ணியிருக்கிறார்கள். கையேட்டைப் படித்தது இந்த ஒரே ஒரு நாடு.

இயக்குநரம்மாவின் அறைக்குப் போனார். பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கதவைத் தட்ட மறந்தார்.

"ஆறு நாடு தப்பா எண்ணியிருக்கு மேடம். நான் பாக்காம விட்டுட்டேன். இவங்க மட்டும்தான் சரி."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இப்பப் போய் ஆறு நாட்டை அடுப்பு எண்ணச் சொல்ல முடியுமா? ஏழும் ஒரே அளவுகோல்ல இருக்கணும். அவங்க கதவுக் கணக்கு குடுத்தா சேத்துக்குங்க. இல்லன்னா இந்தத் தடவை விட்டுடலாம்."

"சரியா செஞ்சவங்களையா மேடம் விடறது?"

"மணி ரெண்டரை" என்றார் அம்மா.

அவர் திரும்பி வந்தபோதும் அந்தப் பெண்மணி இணைப்பிலேயே இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, எதையோ எடுத்துப் புரட்டினார்.

"கதவுக் கணக்கும் எங்க களக் குறிப்பேட்டுல இருக்கு சார். ஆனா அதை அமைச்சகக் கடிதமா அனுப்ப ரெண்டு வாரம் ஆகும். முத்திரை போடறவர் லீவுல இருக்காரு."

நம்மவர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"படிங்கம்மா."

"எதை சார்?"

"குறிப்பேட்டை. ஒண்ணாவது மாவட்டத்துலேர்ந்து."

அவர் படித்தார், இவர் எழுதினார். பதினேழாவது மாவட்டத்தில் அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். யார் என்று நம்மவர் கேட்கவில்லை. மூன்றரை மணிக்கு முப்பத்தொன்றாவது மாவட்டம் முடிந்தது. 'இவ்வறிக்கையில் வீடுகள் கதவுவாரியாக எண்ணப்பட்டுள்ளன. கையேட்டுக்கு மாறான இந்த முறையைச் சரிபார்ப்பாளர் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை' என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். ஆதாரம் என்ற கட்டத்தில், 'தொலைபேசியில் சொன்னார்' என்று எழுதினார்.

"மறுபடி ஒரு தடவை படிக்கட்டுமா சார்? நீங்க சரிபாத்துக்கலாம்."

"வேணாம்மா. நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் கையெழுத்துப் போட்டார்.